போக்குவரத்துக் கேமராவின் ஃபிளாஷ்: கண்ணுக்குக் கேடா, கவனத்துக்குக் கேடா?

வேக வரம்பை மீறும் வாகனங்களையும் சிவப்பு சிக்னலைத் தாண்டும் வாகனங்களையும் படம்பிடிக்கும் கேமராக்கள் நிறுவப்படும் இடங்களில், அபராதம் பற்றிய சச்சரவுக்கு அடுத்தபடியாக எழும் புகார் அவற்றின் ஃபிளாஷ் பற்றியதாகவே இருக்கிறது. இரவில் திடீரென வீசும் அந்த வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது, விபத்தைத் தடுக்க வைத்த கருவியே விபத்துக்குக் காரணமாகிவிடும் என்பது வாகன ஓட்டிகளின் வாதம். இந்தக் கருவி கண்பாதுகாப்புத் தரநிலைகளின்படி சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றது, ஆகவே அச்சம் தேவையில்லை என்பது நிறுவுவோரின் வழக்கமான பதில். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். சான்றிதழ் கண்ணின் திசுக்களைப் பற்றிப் பேசுகிறது. புகாரோ ஓட்டுநருக்குச் சாலை தெரிந்ததா என்பதைப் பற்றியது.

ஃபிளாஷ் எதற்காக

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. கேமராவின் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே திறந்திருந்தாலும், அந்த இடைவெளிக்குள் கார் 2.8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சாலையின் போக்கிலிருந்து 20 பாகை விலகிக் கேமரா நோக்குவதாகக் கொண்டால், அந்த நகர்வில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவான அளவு, படத்தில் பக்கவாட்டு இழுப்பாகப் பதியும். நம்பர் பிளேட்டில் எழுத்தின் கோடே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன் கொண்டது என்பதால், 3-ஐ 8 என்றோ 8-ஐ 0 என்றோ வாசிக்க இந்த இழுப்பு போதும். எனவே ஒளிபதியும் நேரத்தை இன்னும் குறைக்க வேண்டியிருக்கிறது.

நேரத்தைக் குறைத்தால் உள்ளே வரும் ஒளியும் குறையும். உச்சிவெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு). தெருவிளக்கு எரியும் சாலையில் அது சில பத்து லக்ஸைத் தாண்டுவதே அரிது. ஆயிரக்கணக்கான மடங்கு கொண்ட இந்தப் பற்றாக்குறையைத்தான் ஃபிளாஷ் ஈடுசெய்கிறது. பழைய வகைக் கருவிகளில், மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்னாற்றல் செனான் வாயு நிரப்பிய குழாயின் வழியே ஒரே மூச்சில் பாய்கிறது. வெளிச்சம் நீடிப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே. புதிய கருவிகள் பலவற்றில் அந்த இடத்தை எல்இடி வரிசைகள் பிடித்துக்கொண்டன.

முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா

ஃபிளாஷ் யாருடைய கண்ணில் படுகிறது என்பதை முதலில் தீர்மானிப்பது ஒளியியல் அல்ல, சட்டம். விதிமீறலுக்கு வாகன உரிமையாளரே பொறுப்பு என்று சட்டம் சொல்லும் இடத்தில் நம்பர் பிளேட் மட்டும் தெரிந்தால் போதும்; வாகனம் கடந்து சென்றபின் பின்புறத்திலிருந்து படமெடுக்கலாம். ஓட்டியவரே பொறுப்பு என்று சட்டம் சொல்லும் இடத்தில், ஜெர்மனி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஓட்டுநரின் முகம் தெரிய வேண்டும். ஆகவே எதிரிலிருந்து படமெடுத்தாக வேண்டும், ஃபிளாஷும் முகத்தை நோக்கியே வீசும்.

இத்துறையில் பரவலாக அறியப்பட்ட பெயர் காட்ஸோ. 1953-இல் மான்டி கார்லோ ராலியை வென்ற நெதர்லாந்து பந்தய ஓட்டுநர் மாரிஸ் காட்ஸோனிடஸ், வளைவுகளில் தன் வேகத்தை அளந்து மேம்படுத்திக்கொள்ளச் செய்த முயற்சியிலிருந்து வளர்ந்தது அந்தக் கருவி. பிரிட்டனில் பழகிப்போன காட்ஸோ கேமரா, வாகனத்தின் பின்புறத்தை அரை நொடி இடைவெளியில் இரண்டு முறை படமெடுக்கும். சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகளை வைத்து, அந்த அரை நொடியில் வாகனம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று சரிபார்ப்பார்கள். எதிரிலிருந்து வெள்ளை ஒளி வீசினால் ஓட்டுநரின் கண் கூசும் என்பதை இந்த வடிவமைப்பு தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். முன்புறமாகப் படமெடுக்கும் கருவிகளில் ஃபிளாஷின் மேல் சிவப்பு வடிகட்டி பொருத்துவதும் அதே காரணத்தால்தான். அதாவது, கண்கூச்சம் என்பது பொதுமக்களின் கற்பனை என்று ஒதுக்குவோர், கருவியை வடிவமைத்தவர்களே அதை ஒரு சிக்கலாக எடுத்துக்கொண்டதைக் கவனிப்பதில்லை.

ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும் மூன்று கேள்விகள்

1. ஃபிளாஷின் ஒளி கண்ணின் திசுக்களுக்கு நிலையான காயத்தை உண்டாக்குமா?

2. காயம் இல்லாவிட்டாலும், சில நொடிகளுக்குப் பார்வையை மங்கச் செய்யுமா?

3. பார்வை மங்காவிட்டாலும், திடுக்கிடச் செய்து ஓட்டுநரைத் தவறாக நடந்துகொள்ள வைக்குமா?

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. இரண்டாவதற்குப் பதில் கருவியை விட அது நிறுவப்பட்ட விதத்தைப் பொறுத்தது. மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது, குறைவாக அளக்கப்படுகிறது.

கண்ணுக்குக் காயம் ஏற்படுமா?

ஒளி விழித்திரையை இரு வழிகளில் கெடுக்கக்கூடும். ஒன்று, குறுகிய நேரத்தில் மிகுந்த ஆற்றல் விழுந்து திசு சூடாவது. மற்றொன்று, நீல ஒளி நீண்ட நேரம் விழுந்து வேதிமாற்றத்தால் செல்கள் பழுதடைவது. விளக்குகளை இந்த அடிப்படையில் ஆராய்ந்து ‘ஆபத்தற்றது’ முதல் மூன்றாம் ஆபத்துப் பிரிவு வரை வகைப்படுத்தும் பன்னாட்டுத் தரநிலை ஐஇசி 62471. நிறுவனங்கள் காட்டும் சான்றிதழ் பெரும்பாலும் இதையோ, இதைத் தழுவிய உள்நாட்டுத் தரநிலையையோ சார்ந்தது.

பிரகாசமான ஒளியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்வதும் தலையைத் திருப்பிக்கொள்வதும் இயல்பு; இந்தத் தற்காப்புக்குக் கால் நொடி ஆகும் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட கணக்கு. ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் ஃபிளாஷுக்கு முன்னால் அந்தத் தற்காப்பு பயனற்றது, இமை அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே, துடிப்பு ஒளிகளுக்கு வரம்பைக் கணக்கிடும்போது ஒளி முழுவதும் கண்ணுக்குள் போய்விட்டதாகவே கொள்ள வேண்டும்.

அப்படிக் கொண்டாலும், பத்து இருபது மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஃபிளாஷ் விழித்திரையைச் சுடும் அளவை எட்டுவதில்லை. கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படமெடுக்கும் கருவி, சொட்டு மருந்தால் அகலத் திறந்த கண்பாவைக்குள் சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்து செனான் ஃபிளாஷைப் பாய்ச்சுகிறது. நோயாளிக்குச் சிறிது நேரம் வண்ணப் புள்ளி தெரிகிறது, பிறகு மறைகிறது. இது அன்றாடம் நடக்கும் பரிசோதனை. சாலையோர ஃபிளாஷால் கண் போய்விடும் என்ற அச்சத்துக்கு இதற்கு மேல் நீண்ட மறுப்பு தேவையில்லை.

கணநேரப் பார்வைக் குலைவு

விவாதத்தின் உண்மையான மையம் இதுதான். இங்கே நடப்பவை இரண்டு. முதலாவது, ஒளி வீசும் கணத்தில் கண்ணின் உள்ளே அது சிதறி, காட்சியின் மேல் மெல்லிய வெண்திரையைப் போர்த்தியதுபோல் ஆவது. இரண்டாவது, ஒளி நின்ற பிறகும், விழித்திரையில் அது விழுந்த இடத்திலுள்ள, ஒளியை உணரும் நிறமிகள் வெளுத்துப்போனதால், அங்கே ஒரு கறை மிதப்பதுபோல் தோன்றுவது. இதைப் பின்பிம்பம் என்பார்கள்.

‘வெறும் ஆயிரத்தில் ஒரு நொடிதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லுபடியாகாது. பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான ஒளித் துடிப்புகளைக் கண் ஏறத்தாழ மொத்த ஒளியளவாகக் கூட்டியே உணர்கிறது. பத்து மடங்கு பிரகாசமாகப் பத்தில் ஒரு பங்கு நேரம் வீசினாலும் உணர்வு ஒன்றுதான். எனவே நேரத்தை மட்டும் சொல்வது பாதித் தகவல். கண்ணை வந்தடையும் மொத்த ஒளியைச் சொல்ல வேண்டும்.

வெண்திரையின் அடர்த்தியைக் கணக்கிட 1920-களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் ஆகிய இருவரின் ஆய்வுகளிலிருந்து பிறந்த ஒரு விதி இன்றும் சாலை விளக்குத் துறையில் பயன்படுகிறது. கண்ணில் விழும் ஒளியின் அளவு கூடக்கூடத் திரை அடர்த்தியாகும். பார்வைக் கோட்டிலிருந்து ஒளிமூலம் விலகியிருக்கும் கோணத்தின் இருமடிக்கு ஏற்ப அடர்த்தி குறையும். மூன்று பாகை விலகிய விளக்கை முப்பது பாகைக்கு நகர்த்தினால், கண்ணில் விழும் ஒளி மாறாமல் இருந்தாலும், திரையின் அடர்த்தி நூறில் ஒரு பங்காகிவிடும்.

இந்த விதியைச் சாலையில் பொருத்திப் பார்த்தால் எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. ஐந்து மீட்டர் உயரக் கம்பத்தில் ஃபிளாஷ் இருக்கிறது, ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். 40 மீட்டர் தொலைவில் அவருக்கு ஃபிளாஷ் ஐந்தரைப் பாகை மேலே தெரியும். 20 மீட்டரில் பதினோரு பாகை மேலே. தொலைவு பாதியானதால் கண்ணில் விழும் ஒளி நான்கு மடங்காகிறது; கோணம் இரட்டித்ததால் அதன் விளைவு நான்கில் ஒரு பங்காகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஒளிக்கற்றையின் விளிம்பு எங்கே விழுகிறது என்பது போன்ற நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கேமராவைத் தள்ளி வைத்துவிட்டோம் என்பதால் வெண்திரை குறைந்துவிடாது. பார்வைக் கோட்டிலிருந்து அதை உயர்த்துவதும் பக்கவாட்டில் விலக்குவதும்தான் பயன் தரும்: விலகலை இரட்டித்தால் அடர்த்தி நான்கில் ஒன்றாகும். சாலையோரம் தாழ்வாக முக்காலியில் வைக்கப்படும் நடமாடும் கருவிகள் அதிகப் புகாருக்கு ஆளாகக்கூடியவை என்பதற்கு இதுவே காரணம்.

பின்பிம்பத்தின் கதை வேறு. ஒளி விழித்திரையில் எங்கே விழுந்ததோ அங்கேதான் கறை நிற்கும். ஓரத்தில் விழுந்தால் பெரிய இடைஞ்சல் இல்லை. கூர்ந்து பார்க்கப் பயன்படும் நடுப்பகுதியில் விழுந்தால், ஓட்டுநர் எதைப் பார்க்க முயன்றாலும் அதன் மேலேயே கறை போய் உட்காரும். ஒரு புதிய தூண்டுதலை நோக்கிக் கண் திரும்புவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. ஆகவே முதல் ஃபிளாஷை யாராலும் திரும்பி நேராகப் பார்க்க முடியாது, அது ஓரக்கண்ணில்தான் படும். ஆனால் காட்ஸோ போன்ற வேகக் கேமராக்கள் அரை நொடியிலும், சிக்னல் கேமராக்கள் (நிறுத்தக் கோட்டில் ஒன்று, சந்திப்பின் நடுவில் ஒன்று என) சுமார் ஒரு நொடி இடைவெளியிலும் இரண்டு படங்களை எடுக்கின்றன. முதல் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கண் திரும்பி நிலைகொண்ட நேரத்தில் இரண்டாவது வெளிச்சம் வருகிறது. பின்பிம்பத்தைப் பொறுத்தவரை இரண்டாவது ஃபிளாஷே கவலைக்குரியது. விவாதங்களில் இது அனேகமாகப் பேசப்படுவதே இல்லை.

யாருடைய கண் என்பதும் முக்கியம். முதுமையில் விழிலென்ஸ் ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. கண்கூச்சக் கணக்குகளில் பயன்படும் வயதுத் திருத்தத்தின்படி, இளமையில் இருந்ததை விடச் சிதறல் 35 வயதில் ஆறு விழுக்காடுதான் கூடுதல்; 70 வயதிலோ மொத்தச் சிதறலே இருமடங்காகிவிடுகிறது. கண்புரையின் தொடக்கம், அழுக்கேறிய கண்ணாடி, மழைத்துளி, கீறல் விழுந்த ஹெல்மெட் முகப்பு ஆகியவை இதை மேலும் கூட்டும். இரண்டு நொடி பார்வை தடுமாறியது என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் அதற்குள் 33 மீட்டர் கடந்திருக்கும்.

விதிமீறாதவர் மீதும் இந்த ஒளி விழுகிறது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். பின்புறமாகப் படமெடுக்கும் கேமரா, பிடிபட்டவரை விட எதிர்த்தடத்தில் வருபவரைத்தான் அதிகம் தொடக்கூடும். விதிமீறல் நடந்தால் மட்டும் வீசும் ஃபிளாஷ் ஒரு வகை. கடந்து செல்லும் ஒவ்வொரு வாகனத்தின் பதிவெண்ணையும் வாசிப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியும் வெள்ளொளியை இரவு முழுவதும் துடிக்கவிடும் கருவி முற்றிலும் வேறு வகை. முன்னதற்குச் சொல்லும் சமாதானங்களைப் பின்னதற்கும் சேர்த்துச் சொல்வது நேர்மையல்ல.

சிவப்பும் அகச்சிவப்பும்

மங்கலான ஒளியில் நமக்குப் பார்வை தரும் குச்சி செல்கள் 500 நேனோமீட்டரை ஒட்டிய அலைநீளம் கொண்ட நீலப்பச்சை ஒளியையே அதிகம் உணர்கின்றன. 650 நேனோமீட்டரைத் தாண்டிய ஆழ்சிவப்பு அவற்றை அனேகமாகத் தொடுவதில்லை. ஒருமுறை வெளுத்துப்போன குச்சி செல்கள் முழுத் திறனை மீட்க அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால், இருட்டுக்குப் பழகிய பார்வையைக் காப்பாற்றச் சிவப்பு ஃபிளாஷ் உதவுகிறது. ஆனால் முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் வண்டி ஓட்டுபவர் முழு இருட்டில் இல்லை. சாலையைக் கூர்ந்து பார்க்க அவர் கூம்பு செல்களையும் பயன்படுத்துகிறார், அவை சிவப்பையும் உணரும். எனவே சிவப்பு வடிகட்டி கூச்சத்தைக் குறைக்கும், அகற்றாது.

அகச்சிவப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மனிதக் கண் சுமார் 780 நேனோமீட்டர் வரையே காணும். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சிலிக்கான் உணரிகள் 1,100 நேனோமீட்டர் அருகுவரை உணரும். இந்த இடைவெளியில் ஒளியூட்டினால் கேமராவுக்குத் தெரியும், ஓட்டுநருக்குத் தெரியாது. 850 நேனோமீட்டர் எல்இடிகளில் மங்கிய செந்நிறம் மட்டும் தெரியும், 940-இல் அதுவும் தெரியாது. சராசரி வேகத்தைக் கணக்கிட இரு இடங்களில் பதிவெண்ணை வாசிக்கும் கேமராக்கள் பல இப்படித்தான் ஃபிளாஷ் தெரியாமல் இயங்குகின்றன. அப்படியானால் எல்லாக் கருவிகளையும் ஏன் மாற்றிவிடவில்லை என்று கேட்பது நியாயம். தடைகள் சில:

1. அகச்சிவப்புப் படத்தில் நிறம் இராது. சிக்னல் சிவப்பாக இருந்தது என்பதே குற்றச்சாட்டின் அடிப்படை என்னும்போது, அதைக் காட்ட இன்னொரு வண்ணக் கேமரா வேண்டும்.

2. சில மைகள் அகச்சிவப்பில் ஊடுருவத்தக்கவை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் எழுத்து படத்தில் மங்கிவிடலாம்.

3. அலைநீளம் கூடக்கூட உணரியின் திறன் குறைகிறது. ஈடுகட்ட ஒளியின் வலுவைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது தடையில் ஒரு பாதுகாப்பு நுணுக்கமும் இருக்கிறது. தெரியாத ஒளி என்பதாலேயே அது தீங்கற்றது ஆகிவிடாது. அகச்சிவப்புக்குக் கண்பாவை சுருங்குவதில்லை, இமை மூடுவதில்லை. அதனால்தான் பன்னாட்டு வழிகாட்டுதல்களில் அதற்குத் தனி வரம்புகள் வகுத்திருக்கிறார்கள். சாலையில் செல்பவருக்கு அந்தத் தொலைவில் இது பொருட்டல்ல. கருவியின் கண்ணாடியைத் துடைக்க ஏணியில் ஏறி, ஒரு முழத் தொலைவில் முகத்தை வைத்து வேலை செய்யும் பராமரிப்புப் பணியாளருக்குத்தான் இது பொருந்தும். அவர் ஏறுமுன் ஒளியூட்டி நிறுத்தப்படுகிறதா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

திடுக்கிடலும் விபத்துக் கணக்கும்

கேமராக்களின் ஒட்டுமொத்தப் பயன் குறித்துச் சான்றுகள் உண்டு. நலவாழ்வு ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 35 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, வேகக் கேமராக்களின் அருகில் விபத்துகள் 8 முதல் 49 விழுக்காடு வரை குறைந்ததைப் பதிவு செய்தது. ஆய்வுகளின் தரம் சீராக இல்லை என்பதையும் அதுவே குறிப்பிட்டது. சிக்னல் கேமராக்களைப் பொறுத்தவரை அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் 2005-ஆம் ஆண்டு ஆய்வு, செங்குத்தாக மோதிக்கொள்ளும் விபத்துகள் சுமார் 25 விழுக்காடு குறைந்ததையும், பின்னால் வந்து இடிக்கும் விபத்துகள் சுமார் 15 விழுக்காடு கூடியதையும் காட்டியது.

இந்த 15 விழுக்காட்டை ஃபிளாஷின் மேல் சுமத்துவது விவாதங்களில் அடிக்கடி காணப்படும் தவறு. கேமரா இருப்பது தெரிந்து மஞ்சள் விளக்கிலேயே சட்டென்று பிரேக் போடுவதால், பின்னால் வருபவர் வந்து இடிக்கிறார் என்பதே இந்த உயர்வுக்குச் சொல்லப்படும் விளக்கம். ஃபிளாஷோ நிறுத்தக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் வருகிறது. அதே வேளையில், ‘மொத்தத்தில் விபத்து குறைந்திருக்கிறது, எனவே ஃபிளாஷ் பாதுகாப்பானது’ என்னும் எதிர்த்தரப்பின் வாதமும் நிற்காது. கேமராவின் நிகரப் பயனுக்குள் ஃபிளாஷின் கேடு ஒளிந்திருக்க இடமுண்டு. ஃபிளாஷ் மென்மையாக இருந்திருந்தால் பயன் இன்னும் கூடியிருக்கலாம்.

ஒளியால் தூண்டப்படும் வலிப்பு பற்றிய அச்சத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்று விழுக்காட்டினருக்கே இந்தத் தன்மை உண்டு. பொதுவாக நொடிக்கு 3 முதல் 30 வரை துடிக்கும் ஒளியே அவர்களைத் தூண்டுகிறது. அரை நொடி இடைவெளியில் இரண்டே முறை வீசும் ஃபிளாஷ் அந்த வரம்புக்குக் கீழே நிற்கிறது. கேமராவின் படவேகத்தோடு இணைந்து, கண்ணுக்குத் தெரியும்படி நொடிக்கு 25 முறை துடிக்கும் வெள்ளை எல்இடி அப்படியல்ல.

எதைக் கேட்க வேண்டும்

கண்பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்ற கேள்வி முதல் ஐயத்தை மட்டுமே தீர்க்கும். ஒரு குறிப்பிட்ட இடத்திலுள்ள கேமராவைப் பற்றிப் பேசும்போது பயன்தரக்கூடிய கேள்விகள் வேறு. வாகனம் ஒவ்வொரு தடத்திலும் வரும்போது, எதிர்த்தடம் உட்பட, ஓட்டுநரின் கண் இருக்கும் இடத்தில் ஒரு ஃபிளாஷுக்கு எவ்வளவு லக்ஸ்-நொடி (லக்ஸ் அளவை ஒளி நீடித்த நொடிகளால் பெருக்கியது) ஒளி விழுகிறது? அது இரவில், தெருவிளக்கு எரியும் நிலையிலும் அணைந்த நிலையிலும் அளக்கப்பட்டதா? சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிளாஷின் வலு தானாகக் குறைகிறதா, பகலுக்கு வைத்த அளவிலேயே நள்ளிரவிலும் வீசுகிறதா? பார்வைக் கோட்டிலிருந்து ஃபிளாஷ் எத்தனை பாகை விலகியிருக்கிறது? எதிர்த்தடத்துக்கு ஒளி சிதறாமல் மறைப்பு இருக்கிறதா? இவற்றுள் பெரும்பாலானவை ஓர் ஒளிமானியும் ஓர் இரவும் இருந்தால் கண்டறியக்கூடியவை, கருவியை மாற்றாமலே திருத்தக்கூடியவையும்கூட.

நடத்தை பற்றிய மூன்றாவது கேள்விக்குத் தேவையான தரவும் ஏற்கெனவே கருவிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு படமும் நீதிமன்றத்தில் சான்றாக நிற்க வேண்டியது என்பதால், தேதி, நேரம், தடம் ஆகியவை நொடி பிசகாமல் அதில் பதிவாகின்றன. அபராதம் விதிக்காமல் தள்ளுபடியான படங்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பதிவுகளை, அதே இடத்தில் அதே நிமிடத்தில் நடந்த விபத்துகளின் காவல்துறைப் பதிவுகளோடும், அருகிலுள்ள கண்காணிப்பு வீடியோவோடும் ஒப்பிட்டால், ஃபிளாஷ் வீசிய அடுத்த சில நொடிகளில் பின்வரும் வாகனங்களும் எதிர்வரும் வாகனங்களும் பிரேக் போட்டனவா, தடம் மாறினவா, ஒன்றும் செய்யாமல் கடந்துபோயினவா என்பது தெரிந்துவிடும். அபராதச் சீட்டு அனுப்புவதற்காகச் சேமிக்கும் பதிவை இதற்காகவும் திறந்து பார்க்கத் தனிச் செலவு எதுவும் பெரிதாக ஆகப்போவதில்லை.